எத்தனை அடி என்று கேட்டேன்

1

பினாங்கில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்கு வெளியே நீளமாக ஒரு பெஞ்சு கிடக்கிறது. அதில் போலீஸ்காரர் ஒருவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். நான் அங்கே ஆயா. படுக்கை விரிப்பதும் நோயாளிகளைக் குளிப்பாட்டுவதும்தான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. ஆனால் அடிபட்டு வந்த தமிழ்ப் பெண்ணை விசாரிக்க மலாய்க்காரப் போலீஸ் வந்தால், "ரெஜினாவைக் கூப்பிடு" என்று சிஸ்டர் குரல் கொடுத்துவிடுவார். எனக்குத் தெரிந்த மலாய், சந்தையில் மீன் வாங்கக் கற்றுக்கொண்டது. அவர்களுக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

இந்த ஊரில் போலீஸை 'மாத்தா மாத்தா' என்பார்கள். மாத்தா என்றால் கண். கண் கண் என்று ஓர் ஆளைக் கூப்பிடுவது, ராயபுரத்திலிருந்து வந்த எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. எங்கள் ஊர்ப் போலீசுக்குக் கை உண்டு, வாய் உண்டு. கண் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

போன மாதம் வந்தவள் பெயர் வள்ளியம்மை. தேவகோட்டைப் பக்கம். புருஷன் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவன். இடது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தது. கட்டிலில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விசாரிக்க வந்தவர் சின்ன வயசுப் பையன், மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. பெயர் கேட்டார், வீடு கேட்டார். நான் தமிழில் சொல்ல, அவள் பதில் சொன்னாள். பிறகு அவர், "புக்குல் பெராப்பா?" என்றார்.

மலாயில் 'புக்குல்' என்றால் அடிப்பது. மணி கேட்கும்போதும் அதே சொல்தான் வரும். 'புக்குல் பெராப்பா' என்றால் 'மணி என்ன?' என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். அவர் கேட்டது, புருஷன் அடித்தபோது மணி என்ன இருக்கும் என்று. ஆனால் நான் அந்தப் பெண்ணின் கன்னத்தில் இருந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை அடின்னு கேக்கறாரும்மா" என்றேன்.

அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"நேத்து விழுந்தத மட்டுமா, இல்ல கட்டிக்கிட்டு வந்ததுல இருந்தா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று திருத்துவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். கப்பல் ஏறிய நாளிலிருந்து சொல்லத் தொடங்கினாள். எந்த அடி எதற்காக விழுந்தது, எதற்கு யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எதை மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னாள் என்று ஒவ்வொன்றாக வந்தது. அந்தப் பையன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். மணி சொல்ல இத்தனை நேரமா என்று நினைத்திருப்பார். நான் கையைக் காட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவரும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

முடிந்ததும் வள்ளியம்மை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் கேள்விய இதுவரைக்கும் ஒருத்தரும் எங்கிட்டக் கேட்டதில்லக்கா" என்றாள்.

பிறகு மணியை அவளிடம் நானாகக் கேட்டு, சாயங்காலம், துறைமுகச் சங்கு ஊதிய பிறகு என்று அவரிடம் சொன்னேன். தப்பாகக் கேட்டதைச் சொல்லவில்லை.

2

ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. கல்யாணமாகி அங்கேதான் குடியேறினேன். என் புருஷர் தாமஸ் திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். காலையில் ரயிலில் போய்ச் சாயங்காலம் ரயிலில் திரும்புவார். சர்ட்டில் எப்போதும் தீக்குச்சி மருந்து வாசனை. ஞாயிற்றுக்கிழமைக் கோயிலில் அவர் பாடினால் முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவு நல்ல குரல். அதனால்தான் நான் சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

மேஸ்திரி திட்டினால் எனக்கு அடி. ரயில் தவறினால் அடி. நான் சிரித்தால் ஒரு நாள், சிரிக்காவிட்டால் ஒரு நாள். அப்பாவிடம் சொன்னேன். அவர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். காது பாதிதான் கேட்கும். இந்த விஷயத்தில் முழுக்கக் கேட்காது.

ரோசி பிறந்து அவள் தவழ ஆரம்பித்த சமயம், உதடு கிழிந்த ஒரு நாள் காலையில், குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வாசலில் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். உள்ளே போனது அதுதான் முதல்.

மேஜைக்குப் பின்னால் ஒரு கான்ஸ்டபிள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் திருட்டுப் போயிருந்தால் அவர் எழுந்து நின்றிருப்பாரோ என்னவோ.

"இன்னாம்மா?"

"எங்க வூட்டுக்காரு அடிக்கிறாரு சார்."

"எந்த வூட்டுக்காரு?"

"என்னக் கட்டிக்கினவரு."

"அத்த சொல்லு. கட்டிக்கினவன் அடிக்காம, பக்கத்து வூட்டுக்காரனா வந்து அடிப்பான்? பேஜாரு பண்ணாத. கொயந்தைய வெயில்ல தூக்கிகினு வந்துகீற. போ, போயி சோறாக்கு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, டீக்கடையில் சிரிக்கிற மாதிரிச் சிரிப்பு. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அவரை ஜெயிலில் போடுங்கள் என்று கேட்க நான் போகவில்லை. காக்கி உடுப்புப் போட்ட ஓர் ஆள் சந்துக்கு வந்து, "டேய், இனிமே கை வெக்காதே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது. அவ்வளவு சின்னச் சாமானைக் கேட்டுப் போனேன். அது கடையில் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் வீடு வந்து சேருமுன் செய்தி திருவொற்றியூர் போய்விட்டது. அன்று சாயங்காலம் தாமஸ் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"டேசனுக்குப் போயிக்கினியாமே? இன்னா சொன்னாங்க?"

"சோறாக்கச் சொன்னாங்க" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அன்று வாங்கியதை இங்கே எழுதவில்லை.

3

எழுதிக்கொண்டிருக்கும்போதே ரோசி வந்து எட்டிப் பார்க்கிறாள். "அம்மா, நான் மாக்கான் பண்ணிட்டேன்" என்கிறாள். மாக்கான் என்றால் சாப்பாடு. கான்வென்டில் இங்கிலீஷ், தெருவில் மலாய், என்னோடு மட்டும் தமிழ். அதிலும் மூன்றில் ஒரு சொல் மலாய். நான் அவசரத்தில் "இன்னாடி, எங்க கீது?" என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அது என்ன பாஷை என்று கேட்பாள். உன் பாட்டன் துறைமுகத்தில் பேசிய பாஷை என்பேன். அவளுக்குத் துறைமுகம் என்றால் பினாங்குத் துறைமுகம்தான். ராயபுரம் அவளுக்கு ஒரு பெயர் மட்டுமே. சில நாள் அது எனக்குக் கொஞ்சம் உறுத்தும். சில நாள், நல்லது என்றும் தோன்றும்.

இந்த வருஷத் தொடக்கத்தில் அவளுடைய சைக்கிள் காணாமல் போயிற்று. நான் வேலையிலிருந்து திரும்பி வந்து, அழுதுகொண்டிருப்பாள் என்று பார்த்தால் ஆளையே காணோம். கொஞ்ச நேரத்தில் கோபமாக வந்தாள்.

"எங்கேடி போனே?"

"மாத்தா கிட்ட. சைக்கிள் போச்சுன்னு சொல்ல. அவரு என் பேர ஸ்பெல்லிங் தப்பா எழுதிட்டாரும்மா. நான் திருத்தச் சொன்னேன். திருத்திட்டாரு."

தனியாகப் போனாயா என்று கேட்டேன். ஏன், யாரோடு போகணும் என்று திருப்பிக் கேட்டாள். நான் அப்படியே தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சைக்கிள் கிடைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

ஆபீசுகள் மட்டும் எந்த ஊரிலும் ஒன்றுதான். அடையாளக் கார்டு எடுக்கப் போனபோது குமாஸ்தா, கணவர் எங்கே என்றார். மதராஸில் என்றேன். எப்போது வருவார் என்றார். வரமாட்டார் என்றேன். தலையை ஆட்டி, இரக்கத்தோடு 'விதவை' என்று எழுதிக்கொண்டார். நான் பதறிப்போய், இல்லை ஐயா, உயிரோடுதான் இருக்கிறார் என்றேன். அப்படியானால் அதற்கு அத்தாட்சி கொண்டு வா என்றார். மூன்று தடவை நடந்து பார்த்தேன். தாமஸ் தினமும் திருவொற்றியூருக்கு ரயிலேறி வேலைக்குப் போய்க்கொண்டிருக்க, இங்கே அவர் செத்தவர். நாங்கள் வந்து தங்கிய அத்தை, அப்பாவின் தங்கை, விழுந்து விழுந்து சிரித்தாள். "உட்டுடுடி, ஆபீஸ்காரனே நல்ல வயி காட்டிகிறான்" என்றாள்.

4

மதராஸில் மதுவிலக்கு வந்த புதிது. தாமஸ் அதற்கு முன்பே குடிப்பவர்தான். பிறகு மறைத்துக் குடித்தார். எண்ணூர்ப் பக்கமிருந்து யாரோ கொண்டுவந்து தருவார்கள். பரண்மேல் பழைய பாய்க்குள் ஒரு புட்டி எப்போதும் இருக்கும்.

எங்கள் சந்தில் ராஜாத்தி அக்கா என்று மீன் விற்கிறவள் இருந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள் ஒரு நாள்.

"எவ்ளோ நாளைக்குடி இப்டி வாங்கிகினு இருப்பே?"

"டேசன்ல போயிச் சொன்னேனேக்கா. தொரத்திட்டாங்க."

"அடிக்கிறாருன்னு சொன்னா எவன் வருவான்? குடிக்கிறாருன்னு சொல்லு. வூட்ல சரக்கு வெச்சிகினு கீறாருன்னு சொல்லு. எப்டி ஓடியாறாங்க பாரு."

போனேன். அதே மேஜை, அதே கான்ஸ்டபிள். "எங்க வூட்டுப் பரண்மேல சாராய புட்டி கீது சார்" என்றேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். நான்கு பேர் வந்தார்கள். சந்தே கூடிவிட்டது. ஒருவர் பரண்மேல் ஏறினார். புட்டியைக் குழந்தையை இறக்குவது போல இறக்கினார்கள். முகர்ந்தார்கள், துணியில் சுற்றினார்கள், அரக்கு முத்திரை வைத்தார்கள். அன்று என் இடது கண் முழுக்க மூடிப்போயிருந்தது. நான் புட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒருவராவது, கண்ணில் என்ன என்று கேட்கவில்லை.

சாயங்காலம் தாமஸ் ரயிலை விட்டு இறங்கியதும் கூட்டிக்கொண்டு போனார்கள். சில வாரம் உள்ளே இருந்தார்.

அந்த வாரங்களில் நான் நன்றாகத் தூங்கினேன். அதைச் சொல்லத்தான் வேண்டும். மத்தியானங்களில் ரோசியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, மெஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டு பாடக்கூடப் பாடினேன். ஆனால் மனசுக்குள் ஒரு கசப்பு இருந்தது. அவர்கள் எனக்காக வரவில்லை. புட்டிக்காக வந்தார்கள். சர்க்காருக்குச் சாராயத்தின் மேல் சட்டம் இருந்தது. என் மேல் இல்லை.

அவர் திரும்பி வந்தார். குடியை விட்டுவிட்டார், ஜெயில் பயம். சந்தில் எல்லோரும் என்னைப் பார்த்து, இனிமேல் உனக்கு நல்ல காலம் என்றார்கள். நானும் நம்பினேன். ஒரு வாரம் கழித்து, தலை வாரிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினார். வாயில் வாசனையே இல்லை. கண் தெளிவாக இருந்தது. அதுவரை குடிதான் அடிக்க வைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் ஓர் ஆறுதல் இருந்தது. அன்று அதுவும் போயிற்று.

5

மூன்றாவது தடவை நான் ஸ்டேஷனுக்குப் போனது ரோசிக்காக. ஒரு ஞாயிறு மத்தியானம் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டார். குழந்தை உள்ளே அழுகிறாள். தட்டித் தட்டிக் கை ஓய்ந்தது. காலில் செருப்பில்லாமல் ஓடினேன்.

ஸ்டேஷனில் புதிதாக ஒரு ஏட்டு வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. முதலில் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை, உட்காரலாம் என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு,

"எலும்பு முறிஞ்சிருந்தா நாங்களே கேஸு எழுதலாம். இல்லன்னா நீதான் கோர்ட்டுக்குப் போவணும். அது உன்னால ஆவுமா?"

"ஆவாது சார்."

"அப்ப நான் என்ன செய்யணும்ங்கே?"

கோபமாகக் கேட்கவில்லை. கடையில் என்ன வேண்டும் என்று கேட்பதுபோல நிஜமாகவே கேட்டார். அடி வாங்கிய அத்தனை வருஷத்தில், எனக்கு என்ன வேண்டும் என்று நானே யோசித்ததில்லை. அங்கே நின்றபடியே யோசித்தேன். பிறகு, "என் கொயந்த வேணும். எங்கப்பா குடுத்த தையல் மெஷின் வேணும். எடுத்துகினு எங்கப்பா வூட்டுக்குப் போயிடறேன். நீங்க வாசல்ல நின்னாப் போதும்" என்றேன்.

அவர் பெல்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

சந்தில் அவர் தடியால் கதவைத் தட்டவில்லை. கையால் தட்டினார். தாமஸ் திறந்தார்.

"உம் பொஞ்சாதி சாமான் எடுக்க வந்திருக்கா. நீ அந்த ஓரமா நில்லுடே."

"இது என் வூடு சார். என் கொயந்த."

"உன் வீடுதான். நான் உள்ள வரல. இங்ஙனதான் நிக்கேன்."

நான் உள்ளே போனேன். ரோசி ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். மெஷின் தலையைக் கழற்றிப் புடவையில் சுற்றினேன். மெஷினின் இரும்புக் காலை ராஜாத்தி அக்காவும் அவள் தம்பியும் தூக்கிப் போய் ரிக்‌ஷாவில் வைத்தார்கள். தாமஸ் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஏட்டு வாசலில் நின்று, எதிர்வீட்டு ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தடியைக் கூட ஓங்கவில்லை. அவர் அங்கே நின்றார், அவ்வளவுதான். போலீஸ் எனக்குச் செய்த ஒரே உதவி அது. அதைவிடப் பெரிய உதவி யாரும் செய்ததில்லை.

அவரைப் புண்ணியவானாக்கிவிடாதீர்கள். ரிக்‌ஷா கிளம்பும்போது, "ஒரு வாரம் கழிச்சுத் திரும்பி வந்துரு, என்ன? குடும்பம்னா இப்பிடித்தான் இருக்கும்" என்று அவரும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். திரும்பிப் போகவில்லை.

மெஷினும் குழந்தையுமாக வாசலில் இறங்கியவளைப் பார்த்ததும் அப்பாவுக்குக் காது கேட்டுவிட்டது. "வா" என்றார்.

6

அப்பாவின் தங்கை புருஷனோடு பினாங்கில் இருந்தாள். முடக்குவாதத்தில் கை கால் விளங்காமல், ஒத்தாசைக்கு என்னை அனுப்பச் சொன்னாள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். குழந்தையை அழைத்துப்போகத் தகப்பன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நான் சொல்லியனுப்பிவிட்டுப் போக, தாமஸ் தொழிற்சாலை வாசலுக்கே வந்து போட்டுக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ரோசிக்கு ஆரஞ்சு மிட்டாய் வாங்கி வைத்திருந்தார். பயத்தில் போட்டாரா, வெட்கத்தில் போட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

நன்னடத்தை விசாரிக்க ஸ்டேஷனிலிருந்து ஆள் வருவார் என்றார்கள். வந்தவர் அந்த வெற்றிலைக் கான்ஸ்டபிள். அப்பா நாற்காலி போட்டார். அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ டேசனுக்கு வந்துகிற இல்ல?"

"வந்துகீறேன் சார். மூணு தபா."

"முதல்ல என்னாண்டதான சொன்னே?"

"ஆமா."

காகிதத்தை விரித்தார். "இந்தப் பொண்ணு மேல ஸ்டேசன்ல கம்ப்ளெயின்டு இன்னா கீதுன்னு கேட்டுகிறாங்க. ஒண்ணும் இல்லன்னு எழுதிடறேன்" என்றார். நான், "என் மேல இல்ல சார். நான் குடுத்தது ஒண்ணு இருக்கணும்" என்றேன். அவருக்கு முகம் சிறுத்துப்போயிற்று. அப்பா கொடுத்த காபியைக் குடிக்காமலே எழுந்து போனார். ஆனால் நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறார். பாஸ்போர்ட் வந்துவிட்டது.

7

ஆஸ்பத்திரி வார்டில் இத்தனை வருஷமாகப் பார்த்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். அடிபட்டு வருகிறவர்கள் போலீசிடம் கேட்பது ஒரே சாமான் இல்லை. ஒருத்திக்கு அவன் உள்ளே போகவேண்டும். இன்னொருத்திக்கு அவன் உள்ளே போனால் அடுப்பு எரியாது, மிரட்டினால் போதும். ஒருத்தி காக்கி உடுப்பு வாசலுக்கே வரக்கூடாது, அக்கம்பக்கம் பார்க்கும் என்பாள். அடுத்த கட்டில்காரி, அக்கம்பக்கம் பார்க்கட்டும் என்றுதான் கூப்பிட்டேன் என்பாள். ஆனால் எல்லோரிடமும் ஒன்று பொது. உத்தரவு போடுவதற்கு முன்னால் தங்களைக் கேட்கவேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள்.

இவ்வளவு தெரிந்த நானே வள்ளியம்மையிடம் என் கதையைச் சொல்லி அவசரப்பட்டேன். "என் வீட்டுக்கு வந்துடு. மாடியில் அறை இருக்கு. திரும்பிப் போகாதே" என்றேன். அவள் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள்.

"நீங்க உங்க வீட்ட விட்டு வந்துட்டீங்க, சரிதான். எனக்கு அந்த வீட்ட விட மனசில்லக்கா. நான் நட்ட முருங்க இருக்கு, நான் பிடிச்ச சீட்டு இருக்கு. அவரு வேணா போகட்டும். நான் எதுக்குப் போகணும்?"

அந்த மலாய்க்காரப் பையன் மறுபடி வந்தபோது அவளையே கேட்கச் சொன்னேன். எலும்பு முறிந்திருப்பதால் கேஸ் எழுதித்தான் ஆகவேண்டும் என்றார். எழுதட்டும் என்றாள். அதோடு அவன் வேறு இடத்தில் தங்கட்டும், பொழுது சாயும் நேரத்தில் நீங்கள் அந்தத் தெரு வழியாக ஒருமுறை சைக்கிளில் போய்விட்டு வாருங்கள், வேறொன்றும் வேண்டாம் என்றாள். நான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அது நான் ரோந்து போகும் தெரு இல்லை, ஆனால் வீட்டுக்குப் போகும் வழி என்றார்.

கோர்ட்டில் அவள் புருஷனுக்கு அபராதமும், இனி அடிக்கமாட்டேன் என்று ஜாமீன் எழுத்தும் ஆயிற்று. துறைமுகத்துக் கூலிகள் கொட்டகையில் தங்கியிருக்கிறான். திரும்பிச் சேர்த்துக்கொள்வாளா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் இன்னும் தெரியாதாம்.

போன சனிக்கிழமை மீன் சந்தையில் அவளைப் பார்த்தேன். மாவுக்கட்டு எடுத்தாகிவிட்டது. பேசிக்கொண்டே என் கண் தானாக அவள் கழுத்துக்கும் கைக்கும் போயிற்று, வார்டுப் பழக்கம். அவள் கவனித்துவிட்டாள். கூடையைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் எனக்கு முன்னால் நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து பாதிக்கை வரைக்கும் பச்சைக் கண்ணாடி வளையல், புதுசு.

"முன்னெல்லாம் போடவே மாட்டேன்க்கா. ஒடஞ்சா கையில குத்திரும்ல" என்று சொல்லிவிட்டு, கைகளைக் குலுக்கிக் காட்டினாள். மீன்காரச் சீனன் கூட நிமிர்ந்து பார்த்தான்.